கட்டமைக்கப்படாத நேர்காணல்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்?

ஆய்வேடு_அவசரம்:
வேலை இழந்தவர்கள் குடும்பத்துக்குள் தங்கள் இடத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது என் முதுகலை ஆய்வுத் தலைப்பு. வினாநிரல் இல்லாமல், பேச்சின் போக்கிலேயே நேர்காணல் செய்ய நினைக்கிறேன். நெறியாளரோ "நம்பகத்தன்மை அடிபடும்" என்கிறார். பாடநூல்களில் நன்மை, தீமை என்று இரண்டு பட்டியல்தான் இருக்கிறது. களத்தில் எது இடிக்கும் என்று இல்லை. எத்தனை பேர் போதும்? கையில் இருப்பது 4 மாதம்.

களக்குறிப்பு:
நெறியாளர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு கேள்வி, ஆளுக்கு ஒரு வரிசை என்று போனால், இன்னொருவர் அதே ஆய்வைத் திரும்பச் செய்து சரிபார்க்க முடியாது. ஆனால் உங்கள் தலைப்பில் எதைக் கேட்க வேண்டும் என்பதே இன்னும் தெரியாதே! அமெரிக்காவின் சிகாகோ அருகே இருந்த ஹாதார்ன் ஆலையில் ஆய்வாளர்கள் 1928இல் தொழிலாளர்களிடம் பேசத் தொடங்கியபோது மேற்பார்வை, பணிச்சூழல் என்று தயார்க் கேள்விகளோடுதான் போனார்கள். தொழிலாளர்கள் அதற்கு ஒப்புக்குப் பதில் சொல்லிவிட்டுத் தங்கள் மனதில் இருந்ததற்குத் தாவினார்கள். அடுத்த ஆண்டு முறையை மாற்றி, அவர்கள் போக்கிலேயே பேசவிட்டார்கள். அரை மணி நேரப் பேச்சு சராசரியாக ஒன்றரை மணி நேரமானது.

இடறுவது பெரும்பாலும் தொடர்கேள்வியில். "இப்பல்லாம் வீட்ல யாரும் என்கிட்ட எதுவும் கேக்கறதில்ல" என்று ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள். உடனே "மரியாதை குறைஞ்சிட்டதா நினைக்கிறீங்களா?" என்று கேட்டால், 'மரியாதை' என்ற சொல்லை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். பிறகு பகுப்பாய்வில் அது பெரிய கருப்பொருளாக வந்து நிற்கும். அது உங்கள் சொத்து, அவருடையது அல்ல. "எதுவும்னா? கடைசியா அப்படி எப்ப நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ஐந்தாறு நொடி மௌனம் நமக்குத்தான் சங்கடம், அவர் யோசித்துக்கொண்டிருப்பார். "ஏன்" என்று கேட்பதையும் குறையுங்கள். அது விளக்கம் கேட்டு மடக்குவதுபோல் ஒலிக்கும்; "எப்படி" என்றால் நடந்ததைச் சொல்வார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கரும் இதை வலியுறுத்தியிருக்கிறார்.

எண்ணும்_எழுத்தும்:
முதலில் நேரக் கணக்கு. ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க 4 முதல் 6 மணி நேரம் பிடிக்கும். 20 பேர், ஆளுக்கு ஒன்றரை மணி என்றால் 30 மணி நேரப் பதிவு. எழுத்தாக்கம் மட்டும் 120–180 மணி. கோடிங், அதாவது எழுதியதைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கருத்துவாரியாகக் குறியிடுவது, இதற்குப் பிறகுதான். 4 மாதத்தில் 12–15 பேருக்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

"12 பேர் போதும்" என்று யாராவது ஆதாரம் காட்டினால் ஜாக்கிரதை. கெஸ்ட் என்ற ஆய்வாளரின் குழு எழுதிய 2006 கட்டுரையில், 60 நேர்காணல்களில் முதல் 12லேயே புதுக் கருத்துகள் வருவது பெரும்பாலும் நின்றுவிட்டது உண்மைதான். ஆனால் அங்கே ஏறத்தாழ ஒரே வகையான ஆட்களிடம் ஒரே கேள்விகள் கேட்கப்பட்டன. உங்கள் முறையில் அந்த எண் செல்லாது.

அடுத்தது, ஆய்வேடுகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் அபத்தம்: "15 பேரில் 9 பேர் கடன் பற்றிக் கவலைப்பட்டனர்." மீதி 6 பேரிடம் பேச்சு அந்தப் பக்கமே போகவில்லை! பேசாததை இல்லாததாக எண்ண முடியாது. எண்ணிக்கை வேண்டுமென்றால் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

மறுபக்கம்:
நெருக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஆன் ஓக்லி தாய்மை பற்றிப் பெண்களை நேர்கண்டபோது அவர்கள் அவரிடம் திருப்பிக் கேட்ட கேள்விகள் 878. "பதில் சொல்லாமல் நழுவு" என்பதுதான் அன்றைய பாடநூல் அறிவுரை. அவர் பதில் சொன்னார், 1981இல் அதற்கான நியாயத்தையும் எழுதினார். ஆனால் நெருக்கம் கூடினால் உங்கள் மனம் கோணாதபடி பேசுவார்கள், அல்லது சொல்ல நினைக்காததையும் கொட்டிவிட்டுப் பிறகு வருந்துவார்கள். ஆகவே முடிவில் "இதில் எதையாவது நீக்கிவிடட்டுமா?" என்று கேளுங்கள், தொடக்கத்தில் வாங்கிய ஒப்புதல் மட்டும் போதாது. அடுத்த அறையில் துணைவர் இருந்தால் அதையும் குறித்துவையுங்கள்.

இன்னொன்று, சொல்வது வேறு, செய்வது வேறு. "வீட்டு வேலையை இப்போது நான்தான் பார்க்கிறேன்" என்பது அவர் தன்னைக் காட்டும் விதத்துக்குச் சான்று. யார் பாத்திரம் கழுவுகிறார் என்பதற்குச் சான்றல்ல. நல்லவேளை, உங்கள் தலைப்பு முதலாவதைத்தான் கேட்கிறது.

ஆய்வேடு_அவசரம்:
நன்றி. அப்படியானால் தலைப்புகளை மட்டும் முன்கூட்டியே வைத்துக்கொண்டு பேசும் அரைக்கட்டமைப்பு நேர்காணலுக்குப் போய்விடவா?

களக்குறிப்பு:
முதல் 4 பேரிடம் தடையில்லாமல் பேசுங்கள். அதிலிருந்து 6–8 தலைப்புகள் கொண்ட வழிகாட்டி தயாரித்து, மீதிப் பேரிடம் அதையே பயன்படுத்துங்கள். வரிசை மாறலாம், தலைப்பு விடுபடக் கூடாது. எழுத்தாக்கத்தில் உங்கள் கேள்விகளையும், "ம்ம்" உட்பட, வெட்டாமல் வைத்திருங்கள். எந்தப் பதில் எந்தக் கேள்வியால் வந்தது என்று நெறியாளரே பார்த்துக்கொள்ளலாம். அவர் எழுப்பும் நம்பகத்தன்மைக் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. அன்றன்றைக்கே குறிப்பு எழுதிவிடுங்கள். முதல் 4 பேரின் பதில்களை மற்றவர்களின் பதில்களோடு ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.