ஆங்கிலத்தில் பேசிப் பழக யாழ்ப்பாணத்தில் இடம் உண்டா?

விஞ்ஞான பீடத்தில் முதலாம் வருட மாணவி நான். உயர்தரம் வரை முல்லைத்தீவில் தமிழ்மொழி மூலம் படித்தேன். இங்கே விரிவுரைகள் எல்லாம் ஆங்கிலத்தில். எழுத்துப் பரீட்சைகளைச் சமாளித்துவிடுகிறேன். முன்னால் வந்து விளக்கச் சொன்னால்தான் நா ஒட்டிக்கொள்கிறது, தெரிந்த விடையும் வருவதில்லை. முதல் அரையாண்டிலிருந்தே இப்படித்தான்.

கண்ணாடி முன் பேசிப் பார்த்தேன். கண்ணாடி குறுக்குக் கேள்வி கேட்காதே! பொது நூலகத்தில் இலகு ஆங்கில நூல்கள் எடுத்து வாசித்தேன். வாசிப்பு வேகம் கூடியது, பேச்சு அசையவில்லை. சேர்ந்த தனியார் வகுப்பில் இலக்கணம் மட்டுமே நடந்தது. அறைத் தோழிகளோடு தொடங்கினால் சற்று நேரத்தில் தமிழுக்குத் திரும்பிவிடுகிறோம்.

தங்கியிருப்பது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில். சைக்கிள்தான் வாகனம், மாலை ஐந்துக்குப் பிறகே ஓய்வு. அடுத்த மாதம் குழு விளக்கவுரை வேறு இருக்கிறது.

திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் பேச்சுப் பயிற்சிக்கென்றே கூடும் வகுப்போ குழுவோ யாருக்காவது தெரியுமா?