பார்செவல் போட்டால் விடை நாலு மடங்கு வருகிறது, அவசரம்

பறக்கும்ரயில்: நாளைக்கு இன்டர்னல். எஃப்(எக்ஸ்) = எக்ஸ், இதற்கு ஃபூரியே தொடர் எழுதி (சைன், கொசைன்களின் கூட்டலாக), பார்செவல் தேற்றம் வைத்து (சார்பின் வர்க்கத்தின் தொகையீட்டைக் கெழுக்களின் வர்க்கக் கூட்டலோடு இணைப்பது) 1 + 1/4 + 1/9 + … கண்டுபிடிக்க வேண்டும். பை²/6 வரணும், எனக்கு 2பை²/3 வருகிறது. எங்கே தப்பு?

ராயபுரத்தான்: எந்த இடைவெளி? போட்ட வரிகளைக் காட்டாமல் விடையை மட்டும் சொன்னால் ஜோசியம்தான் பார்க்கணும்.

கொளத்தூர்க்கணக்கு: கெழுவுக்கு 1/பை போடுவதற்குப் பதில் 1/2பை போட்டிருப்பீர்கள். கெழு பாதியாகும், வர்க்கம் கால்வாசியாகும், விடை நாலு மடங்கு. எனக்குச் சந்தேகமே இல்லை.

மாம்பலம்வாசி: அதெல்லாம் இல்லை, சார்பு முனையில் குதிக்கிறது பாருங்க, கிப்ஸ் விளைவு, குதிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தொடரின் கூட்டல் அளவுமீறி எகிறும். தொடர் அங்கே சரியாகச் சேராது.

எல்2_அடியார்: இளங்கலைப் பாடத்துக்கு இழை போடும் காலம். பார்செவலுக்கும் ஒரு புள்ளியில் தொடர் சேர்வதற்கும் சம்பந்தமே கிடையாது, வர்க்கத்தின் தொகையீடு முடிவுறு எண்ணாக இருந்தால் போதும், குதித்தால் என்ன, நொண்டினால் என்ன. ரீஸ்–ஃபிஷர் தேற்றம் 1907லேயே வந்தாச்சு. படித்துவிட்டு வாருங்கள்.

ராயபுரத்தான்: சார், நாளைக்குப் பரீட்சை அவங்களுக்கு. பறக்கும்ரயில், பிஎன், அதாவது சைன் கெழு, எவ்வளவு வந்தது, அதையாவது சொல்லுங்க.

பறக்கும்ரயில்: பிஎன் = −2/என். எக்ஸ் ஒற்றைச் சார்பு, அதனால் மாறிலிக் கெழு ஏ0 பூச்சியம்.

ராயபுரத்தான்: மாட்டிக்கிட்டீங்க. −பை முதல் பை வரை என்றால் பிஎன் குறி மாறி மாறி வரணும். உங்களுக்கு எப்போதும் மைனஸ், அப்போ இடைவெளி 0 முதல் 2பை. அதில் எக்ஸ் எங்கே ஒற்றைச் சார்பு? ஏ0 = 2பை. பார்செவலில் வரும் ஏ0²/2, அதாவது 2பை², அதை விட்டுவிட்டீர்கள்.

கொளத்தூர்க்கணக்கு: −பை முதல் பை வரை எடுத்து 1/2பை போட்டாலும் இதே 2பை²/3தான் வரும், நான் சொன்னதும் தப்பில்லை.

மாம்பலம்வாசி: ஆய்லர் 1734லேயே இதை முடித்துவிட்டார், ஃபூரியே கட்டுரை 1807ல்தான். சைனைப் பெருக்கலாகப் பிரித்தாலே போதும், எதற்கு இந்தச் சுற்று?

எல்2_அடியார்: அந்தப் பெருக்கல் சரிதான் என்று அன்றைக்கு அவரிடம் நிரூபணம் இருந்ததா?

மாம்பலம்வாசி: விடை சரியா இல்லையா? அதைச் சொல்லுங்க. அப்புறம், எக்ஸ்³ எடுத்தால் ஜீட்டா(3), அதாவது 1 + 1/8 + 1/27 + …, வந்துவிடுமே, ஏன் யாரும் செய்யவில்லை?

எல்2_அடியார்: பார்செவல் கெழுவை வர்க்கமாக்கும் ஐயா. ஜீட்டா 2, 4, 6 தான் கிடைக்கும். ஜீட்டா(3) விகிதமுறா எண் என்று காட்டவே 1978ல் அபேரி என்ற கணிதவியலாளர் வரவேண்டியிருந்தது.

பறக்கும்ரயில்: வந்துடுச்சு! எக்ஸ்² தொகையீட்டை பையால் வகுத்து வரும் 8பை²/3இல் 2பை² போக 2பை²/3, அதை நாலால் வகுத்தால் பை²/6. ரொம்ப நன்றி ராயபுரம் அண்ணா.

மாம்பலம்வாசி: பார்செவல் வேண்டாம், எக்ஸ்³ தொடரிலேயே எக்ஸ் = பை/2 போடுங்க.

ராயபுரத்தான்: போட்டேன். 1 − 1/27 + 1/125 − … = பை³/32. அழகாத்தான் இருக்கு, ஆனால் ஜீட்டா(3) இல்லை.