பொருள்: ‘துணைச் செயல்முறை’ போதாது, ‘வழித்தோன்றல்’ வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஓடிக்கொண்டிருக்கும் ஷெல்லிலிருந்து (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலிலிருந்து) கிளைத்த செயல்முறைகளை, அதாவது ஓடும் நிரல்களை, ஸ்கிரிப்ட் எழுதித் திரட்டும் கையேட்டில் எல்லாவற்றையும் ‘துணைச் செயல்முறை’ என்றே எழுதி வருகிறோம். நேர்ச் சேய், சேயின் சேய், ஒரே அமர்வில் (பொதுவாக ஒரே முனையத்தில் தொடங்கியவற்றின் தொகுப்பில்) இருப்பவை மூன்றும் லினக்ஸில் வேறு வேறு. சொல்லும் பிரிய வேண்டும்.

செயல்முறைகளைத் தேடும் கட்டளையான பிஜிரெப்புக்குப் பெரிய ‘பி’ விருப்பம் கொடுத்தால் நேர்ச் சேய்கள் மட்டுமே கிடைக்கும். ஷெல் மேக் என்ற நிரலை ஓட்ட, மேக் ஜிசிசி என்ற இன்னொன்றை ஓட்டினால், பட்டியலில் மேக் மட்டும் நிற்கும். ஒவ்வொரு சேய்க்கும் அதே கட்டளையைத் திரும்ப அழைத்தால், அதற்குள் சில முடிந்திருக்கும், சில புதிதாக முளைத்திருக்கும். செயல்முறைகளைப் பட்டியலிடும் பிஎஸ்ஸை ஒரே முறை ஓட்டி, செயல்முறை எண், தாய் எண் என்ற இரண்டு நெடுவரிசைகளை மட்டும் வாங்கி, உரையை அலசும் ஆக் நிரலில் தாய்வாரியாக அடுக்கி, ஷெல் எண்ணிலிருந்து கீழே இறங்குவதே சரியான வழி. அந்த ஷெல்லிலிருந்தே ஸ்கிரிப்ட்டை ஓட்டினால் அதுவும், அதன் பிஎஸ்ஸும் ஆக்கும் பட்டியலில் வந்து நிற்கும். அவற்றைக் கழித்துவிட வேண்டும்.

பிஎஸ் இல்லாமல், செயல்முறை விவரங்களைக் காட்டும் ப்ராக் கோப்பகத்தின் ஸ்டாட் கோப்பைப் படிப்பவர்கள் கவனிக்க: தாய் எண் 4ஆவது புலம். 2ஆவது புலமான பெயருக்குள் இடைவெளியும் அடைப்புக்குறியும் வரலாம் என்பதால், வெறும் இடைவெளியை வைத்துப் பிரித்தால் எண்ணிக்கை பிசகும். கடைசி மூடும் அடைப்புக்குறிக்குப் பிறகே எண்ணத் தொடங்க வேண்டும்.

என் பரிந்துரை: நேராகப் பிறந்தது ‘சேய்’, எத்தனை தலைமுறை கீழே இருந்தாலும் ‘வழித்தோன்றல்’, முழு மரமும் ‘கொடிவழி’.

---

மறுமொழி:

சேயும் கொடிவழியும் நன்றாக இருக்கின்றன. ‘வழித்தோன்றல்’ மட்டும் உறுத்துகிறது. அந்தச் சொல் பிறப்பைச் சொல்கிறது, லினக்ஸின் உட்கருவான கெர்னலோ பிறப்பை நினைவில் வைப்பதில்லை. பாஷ் என்ற ஷெல்லில் ‘ஸ்லீப் 300’ (300 நொடி சும்மா காத்திருக்கும் கட்டளை) என்பதைப் பின்னணியில் ஓட்டும் ஆம்பர்சண்டோடு சேர்த்து அடைப்புக்குறிக்குள் போட்டு ஓட்டிப் பாருங்கள். இடையிலிருந்த துணைஷெல் (அடைப்புக்குறிக்காகப் பிறந்த ஷெல் நகல்) உடனே முடிந்துவிடும். ஸ்லீப்பின் தாய் எண் 1 (கணினியின் முதல் செயல்முறை) ஆகிவிடும், அல்லது பயனருக்கான சிஸ்டம்டியின் (செயல்முறைகளை மேலாளும் நிரலின்) எண்ணாகிவிடும். நீங்கள் சொன்ன ஸ்கிரிப்ட்டுக்கு அது அகப்படாது. அமர்வு எண் மட்டும் மாறாமல் இருக்கும்.

இதற்கு நேரெதிரும் உண்டு. ஸ்கிரிப்ட்டுக்குள் செட்சிட் (புது அமர்வில் ஓட்டும் கட்டளை) போட்டு ஓட்டியது புது அமர்வுக்குப் போய்விடும், தாய் எண் மாறாது. அதே செட்சிட்டை ஊடாடும் ஷெல்லில் அடித்தால் அது ஒரு முறை கிளைத்து, தான் முடிந்துவிடுகிறது. அப்போது அமர்வும் போகிறது, தாயும் போகிறது. காத்திருக்கச் சொல்லும் சிறிய ‘டபிள்யூ’ விருப்பம் கொடுத்தால்தான் தொடர்பு அறாது.

தாய் முடிந்து வேறொன்றின் கீழ் போனதை ‘அநாதை’ என்கிறோம். ஒரு கணம்கூட அது தாயில்லாமல் இருப்பதில்லையே! ‘தத்துப் போனது’ என்பதுதான் நடப்பதைச் சொல்கிறது. அதை எடுத்துக்கொள்ளும் செயல்முறை ‘தத்தெடுப்பி’. லினக்ஸ் 3.4 முதல் 1ஆம் எண் அல்லாத செயல்முறையும் தத்தெடுப்பி ஆகலாம் என்பதால் இதற்குத் தனிச்சொல் கட்டாயம் தேவை.

---

மறுமொழி:

தத்துப் போனது, தத்தெடுப்பி இரண்டையும் அப்படியே ஏற்கிறேன். வழித்தோன்றலை விட மனமில்லை. படித்ததும் புரிகிற சொல் அது. வரையறையில் இறுக்கிவிடலாம்:

வழித்தோன்றல்: தாய் எண்களை மேல்நோக்கித் தொடர்ந்தால் குறிப்பிட்ட செயல்முறையை இப்போது வந்தடையும் எதுவும். அந்த மரத்துக்கு வெளியே தத்துப் போனது இதில் சேராது.

அமர்வினர்: ஒரே அமர்வு எண் கொண்டவை. பிஜிரெப்பின் சிறிய ‘எஸ்’ விருப்பம் இவற்றைத் தரும்.

பிறப்பால் வந்த எல்லாமே வேண்டுமென்றால் பிறகு தேடிப் பயனில்லை. தொடங்கும்போதே சிஸ்டம்டி-ரன் கட்டளையின் ஸ்கோப் விருப்பத்தால் தனி சிகுரூப்பில் (கெர்னல் செயல்முறைகளைத் தொகுத்துக் கட்டுப்படுத்தும் குழுவில்) போட்டுவிட வேண்டும். சேய் தாயின் சிகுரூப்பிலேயே பிறக்கிறது, தத்துப் போனாலும் அது மாறாது. சிகுரூப்புக்கு யாராவது நல்ல சொல் தாருங்கள். ‘கட்டுப்பாட்டுக் குழு’ என்றால் செயல்முறைக் குழு என்ற வேறொன்றோடு குழம்பும்.