வாப்பா ஊர் திரும்புறாங்க: என்.ஆர்.இ. டெபாசிட்டை அப்படியே விடலாமா?

கீழக்கரை_மகள்:
வாப்பா ஷார்ஜாவில 19 வருஷமா வேலை பார்க்கிறாங்க. வருஷத்துக்கு 40 நாள் லீவுல வந்துட்டுப் போவாங்க. இப்ப முடிச்சிக்கிட்டு மொத்தமா வர்றாங்க. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை இங்கே ரூபாயாப் போட்டு வைக்கிற என்.ஆர்.இ. எஃப்.டி.யில 30 லட்சம் இருக்கு. ஊர்ல வேற வருமானம் கிடையாது. வந்ததும் பேங்கில சொல்லணும்னு ஒருத்தர் சொல்றார். சொந்தக்காரங்களோ "வாயைத் திறக்காதீங்க, வட்டிக்கு வரி போட்டுருவாங்க"ங்கிறாங்க. எது சரி?

மஸ்கட்_ரிட்டர்ன்:
சொந்தக்காரங்க சொல்றதுதான் சரி தங்கச்சி. ஊர் திரும்பினவங்களுக்கு வரிச் சட்டத்துல ஆர்.என்.ஓ.ஆர்.னு ஒரு இடைநிலை இருக்கு. முந்தின 10 வருஷத்துல 9 வருஷம் என்.ஆர்.ஐ.யா இருந்தவங்களுக்கு அது கிடைக்கும். அது இருக்கிறவரை வெளிநாட்டுக் காசுக்கு வரி இல்லை. வாப்பா வெயில்ல நின்னு சம்பாதிச்சது வெளிநாட்டுக் காசுதானே?

தஞ்சை_கணக்கர்:
எல்லாரும் சறுக்குற இடம் இதுதான். அசல் ஷார்ஜாவில சம்பாதிச்சது, அதை யாரும் தொடப்போறதில்லை. ஆனா வட்டி கொடுக்கிறது நம்ம ஊர் பேங்க். அது இந்தியாவில விளையற வருமானம், அதுக்கு ஆர்.என்.ஓ.ஆர். குடை பிடிக்காது. என்.ஆர்.இ. வட்டிக்கு விலக்கு இருக்கிறதே ஃபெமாங்கிற அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டுவாசியா இருக்கிறவரைக்கும்தான். வருமான வரிக்கு நாள் எண்ணுவாங்க. ஃபெமா அப்படி எண்ணாது, இனி இங்கேதான்னு வந்து இறங்கினதுமே உள்ளூர்வாசி.

மஸ்கட்_ரிட்டர்ன்:
நான் 2017-ல வந்தேன். இன்னிக்கு வரைக்கும் யாரும் கேட்கலை சார்.

ஜுபைல்_தேவகோட்டை:
என்னைக் கேட்டாங்க அண்ணே. கிளையில "பரவாயில்லை, முதிர்ற வரைக்கும் இருக்கட்டும்"னாங்க, நானும் நம்பி விட்டுட்டேன். மூணு வருஷம் கழிச்சு நோட்டீஸ். வரி, அதுக்கு வட்டி, ஆடிட்டர் ஃபீஸ்னு மகள் கல்யாணத்துக்கு வெச்சிருந்ததுல கைவைக்க வேண்டியதாப் போச்சு. பேங்கில வாய்வார்த்தையா சொன்னதுக்கு என்கிட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

தஞ்சை_கணக்கர்:
இதுல எனக்கு வருத்தமே, இவங்க மறைக்கத் தேவையே இல்லைங்கிறதுதான். 30 லட்சத்துக்கு 7 சதவீதம்னு வெச்சாலும் வருஷ வட்டி 2,10,000 ரூபாய். 2025-26-ல இருந்து புதிய வரி முறையில, இங்கே ரெசிடென்டா இருக்கிறவங்களுக்கு 12 லட்சம் வரைக்கும் தள்ளுபடி போக வரி பூஜ்யம். பேங்க் முன்கூட்டியே டி.டி.எஸ்.னு வரி பிடிச்சாலும் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிடலாம். ஒரு ரூபாய் வரி வராத இடத்துல எதுக்குப் பொய்? ஃபெமா மீறலுக்கு, சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூணு மடங்கு வரைக்கும் அபராதம் போடச் சட்டத்துல இடம் இருக்கு.

மஸ்கட்_ரிட்டர்ன்:
12 லட்சக் கணக்கு எனக்குத் தெரியாது, அதை ஒத்துக்கிறேன். ஆனா ஒண்ணரைக் கோடி, ரெண்டு கோடி வெச்சிருக்கிறவன் என்ன பண்ணுவான்? 20 வருஷம் பெண்டாட்டி பிள்ளையைப் பிரிஞ்சு கிடந்தவன்கிட்ட, வந்த மாசமே வட்டியில பங்கு கேட்கிறது நியாயமா?

தஞ்சை_கணக்கர்:
நியாயமான கோபம். அவங்களுக்கும் நேர்வழி இருக்கு. ஊருக்கு வர்றதுக்கு முன்னாடியே டெபாசிட்டை, டாலர் மாதிரி வெளிநாட்டுக் கரன்சியிலயே வைக்கிற எஃப்.சி.என்.ஆர். டெபாசிட்டுக்கு மாத்திடலாம். அதை முதிர்ற வரைக்கும் தொடரலாம், ஆர்.என்.ஓ.ஆர்.ஆ இருக்கிறவரை வட்டிக்கு வரி இல்லை. வந்து இறங்கினப்புறம் புதுசாப் போட முடியாது.

மகளுக்கு ஒண்ணு. வாப்பா என்னிக்கு வர்றாங்க? மே மாசம் வந்தா அந்த நிதியாண்டுலயே 182 நாள் தாண்டி, வரிக்கு ரெசிடென்ட் ஆயிடுவாங்க. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் ஆர்.என்.ஓ.ஆர்., அதோட சரி. நவம்பர்ல வந்தா, அந்த நிதியாண்டுல அதுக்கு முன்னாடி லீவுக்கு வராம இருந்தா, மார்ச் வரைக்கும் 150 நாள் சொச்சம்தான். முந்தின 4 வருஷத்துல இங்கே இருந்தது 160 நாள், 365-க்குக் கீழே. அதனால, முந்தின 4 வருஷத்துல 365 நாள் இருந்தவங்க அந்த வருஷம் 60 நாள் இருந்தாலே ரெசிடென்ட்ங்கிற விதியும் பிடிக்காது. வரிக்கு அந்த வருஷமும் என்.ஆர்.ஐ., அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் ஆர்.என்.ஓ.ஆர். பாஸ்போர்ட் முத்திரையை வெச்சு நாளை எண்ணிப் பாருங்க. இன்னொண்ணு, கம்பெனி தர்ற சர்வீஸ் பணத்தை ஷார்ஜா கணக்குல வாங்கிட்டு அப்புறம் அனுப்பச் சொல்லுங்க. நேரா இந்தியக் கணக்குல முதல்முதலா விழுந்தா வரிக் கேள்வி வரும்.

கீழக்கரை_மகள்:
டிக்கெட் இன்னும் போடலை சார். உம்மா நோன்புக்கு முன்னாடி வந்துடணும்னு சொல்றாங்க, நவம்பர்னா அதுக்கும் தோதுதான். இன்னிக்கு ராத்திரி வாப்பாகிட்ட பேசி பாஸ்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றேன். வந்த வாரமே பேங்குக்குப் போறோம், மொத்தமா ஊர் வந்தாச்சுன்னு எழுத்துல கொடுத்து நகல்ல சீல் வாங்கிக்கிறோம்.

ஜுபைல்_தேவகோட்டை:
அந்த நகலைப் பத்திரமா வெச்சுக்கம்மா.