ஊதா நீரூற்றுப் புல்: பருவந்தோறும் எவ்வளவு தண்ணீர் விட வேண்டும்?

லாசுப்பேட்டை மாடித்தோட்டம் கேட்டது:

வணக்கம். புதுச்சேரி லாசுப்பேட்டையில் எங்கள் வீட்டு மதிற்சுவரை ஒட்டிச் செம்மண் தரையில் ஒரு வரிசையும், மொட்டை மாடியில் பன்னிரண்டு அங்குலச் சுடுமண் தொட்டிகளில் சிலவுமாக ஊதா நீரூற்றுப் புல் வளர்த்து வருகிறோம். நர்சரிகளில் பென்னிசெட்டம் என்று சொல்லி விற்பார்களே, கருஞ்சிவப்பு இலைகளும் நரிவால் போல வளைந்த கதிர்களும் கொண்ட அந்தப் புல்தான். ஆண்டு முழுவதும் நாள்தோறும் காலையில் தொட்டிக்கு ஒரு குவளை தண்ணீர் போதும் என்று வாங்கிய இடத்தில் சொல்லி அனுப்பினார்கள். அவ்வாறே ஊற்றியும், கத்தரி வெயில் தொடங்கியதிலிருந்து தொட்டிப் புல்லின் இலை நுனிகள் காய்ந்து பழுப்பாகி வருகின்றன. தரையில் உள்ளவற்றுக்கு அதே போர் தண்ணீரைத்தான் விடுகிறோம். அவை நன்றாக இருக்கின்றன. கூடுதலாக ஊற்றலாம் என்றால், சென்ற மழைக்காலத்தில் ஓரிரு தொட்டிகளில் தூர் அழுகிப் போனது நினைவுக்கு வந்து கை தயங்குகிறது. நம் ஊரின் பருவங்களுக்கு ஏற்பத் தண்ணீரை எப்படிக் கூட்டிக் குறைக்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தேவனாம்பட்டினம் மணல்தரை எழுதியது:

வணக்கம் ஐயா. நாள்தோறும் ஒரு குவளை என்பது எந்தப் பருவத்துக்கும் பொருந்தாத அளவு. கத்தரியில் அது மேல்மண்ணை மட்டும் நனைத்துவிட்டு மதியத்துக்குள் ஆவியாகிவிடும். கார்த்திகையிலோ அந்த ஒரு குவளையும் வேண்டாம். இந்தப் புல்லின் வேர்கள் ஆழமாக இறங்கக்கூடியவை. ஒவ்வொரு முறையும் தொட்டியின் அடித்துளை வழியாகத் தண்ணீர் வெளியேறும் வரை நிதானமாக ஊற்றிவிட்டு, மேல்மண் ஒரு விரற்கணு ஆழத்துக்கு உலர்ந்த பிறகே மறுமுறை ஊற்ற வேண்டும்.

இனி ஆண்டின் போக்கைப் பார்ப்போம். பங்குனி பிற்பகுதியிலிருந்து வைகாசி முடியும் வரை, மொட்டை மாடித் தொட்டிகளுக்கு நாள்தோறும் நிறைவாகத் தண்ணீர் தேவைப்படும். நன்கு தூர் கட்டிய பன்னிரண்டு அங்குலத் தொட்டி ஒன்று, இந்த வெயிலில் ஒரு நாளில் ஒரு லிட்டருக்கு மேலேயே குடித்துவிடும். தரையில் உள்ளவற்றுக்கு, நட்டு ஓராண்டு கடந்திருந்தால், வாரத்துக்கு இரண்டு முறை ஆழமாக விட்டாலே போதுமானது. புதிதாக நட்டவையாக இருந்தால் முதல் கோடை முடியும் வரை அதைவிட நெருக்கமாக விட வேண்டும்.

பலரும் ஏமாறுவது ஆனி, ஆடி மாதங்களில்தான். கத்தரி முடிந்துவிட்டது, மாலையில் அவ்வப்போது இடியுடன் மழையும் வருகிறது என்று தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். அம்மியையும் பறக்கச் செய்யும் அந்த மேல்காற்று, வெயிலுக்குச் சற்றும் குறையாமல் இலையின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். மாலை மழையும் பெரும்பாலும் இலைக்கற்றையின் மேல் பட்டுத் தொட்டிக்கு வெளியே சிந்திவிடுவதால், மழை பெய்த மறுநாளும் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

புல்லே தன் தாகத்தைச் சொல்லும். காலை ஏழு மணிக்கு ஓர் இலையை எடுத்துப் பாருங்கள். தட்டையாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் இலையின் மேற்பரப்பில் உள்ள விசிறி செல்கள் நீரை இழந்து சுருங்க, இலை நீளவாக்கில் உள்நோக்கி உருண்டு ஊசி போலாகிவிடும். நண்பகலில் உருள்வது இயல்பு, மாலையில் விரிந்துவிடும். விடியற்காலையிலும் உருண்டே இருந்தால் மட்டும் உடனே தண்ணீர் விடுங்கள்.

பாகூர் களிமண் எழுதியது:

மேலே எழுதிய அன்பர் கூறியவற்றில் பெரும்பாலும் எனக்கு உடன்பாடே. ஆயினும் அவர் கணக்கு மணற்பாங்கான நிலத்துக்கும் செம்மண்ணுக்கும் உரியது. லாசுப்பேட்டை, கோரிமேடு மேட்டுப் பகுதிகளின் சிவந்த மண், கடலூர் மணற்கல் என்று புவியியலாளர்கள் பெயரிட்டிருக்கும் பாறைப் படிவிலிருந்து வந்தது. தண்ணீர் அதில் எளிதாக வடிந்துவிடும். பாகூர்ப் பக்கத்து ஏரிப்பாசன வண்டலில் இந்தப் புல்லை வைப்பவர்கள் வாரம் இரண்டு முறை விட்டால் வேர் மூச்சுத் திணறும். எங்கள் மண்ணில் கோடையிலும் வாரம் ஒருமுறையே போதும். அதுவும் தரையை ஒரு சாண் உயர்த்தி மேட்டுப்பாத்தியாக்கிய பிறகு.

தூர் அழுகலைப் பற்றி ஒரு சொல். புதுச்சேரியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் வந்துவிடுகிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரு செ.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டருக்குப் பத்து லிட்டர். அத்தகைய மழையில் அடித்துளை அடைபட்ட தொட்டி கிணறாகிவிடும். புரட்டாசி முடிவதற்குள் ஒவ்வொரு தொட்டியையும் சாய்த்து, துளையில் குச்சியை விட்டுக் குத்தித் திறந்து, அடித்தட்டை எடுத்துவிட்டு, இரண்டு செங்கற்களின் மேல் தூக்கி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் மழை இடைவெளி விட்டாலொழியப் பூவாளியைத் தொட வேண்டாம்.

முத்தியால்பேட்டை எழுதியது:

கேள்வியின் மையமான இலை நுனிக் கருகலை இருவருமே தொடாமல் விட்டுவிட்டார்கள். ஒரே தண்ணீர், தரையில் நலம், தொட்டியில் நலமில்லை என்றால், எனக்கு முதலில் ஐயம் எழுவது உப்பின் மீதுதான். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, தரையில் ஒவ்வொரு மழையிலும் வேரைத் தாண்டிக் கீழே இறங்கிவிடுகிறது. தொட்டியிலோ, அடித்துளை வழியாக வெளியேறாத ஒவ்வொரு குவளையும் ஆவியாகும்போது தன் உப்பை மண்ணிலேயே விட்டுச் செல்கிறது. கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் நிலத்தடி நீர் உவர்ப்பாவதும் நாம் அறிந்ததே.

தொட்டியின் வெளிப்புறத்தைத் தடவிப் பாருங்கள். சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாகப் பூத்துக் கையில் ஒட்டினால் ஐயம் பெரும்பாலும் உறுதியாகிவிடும். நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வீட்டில் குடிநீர்க் கருவிக்காக வைத்திருந்தால் போர் தண்ணீரையும் அளந்துவிடுங்கள். லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 2000ஐத் தாண்டினால் தொட்டிச் செடிகளுக்கு அதை விடாமல் இருப்பதே நல்லது. இடைப்பட்ட அளவானால் பக்குவமாகப் பயன்படுத்தலாம். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவு நீரைப் பலர் சிக்கனம் கருதிச் செடிக்கு ஊற்றுகிறார்கள். குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் சேர்ந்த நீர் அது என்பதால் தொட்டிகளுக்கு மட்டும் வேண்டாம்.

லாசுப்பேட்டை மாடித்தோட்டம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. போர் தண்ணீரை அளந்ததில் 1400 காட்டியது. தொட்டிகளின் வெளிப்புறத்திலும் வெள்ளைப் பூச்சு இருக்கிறது. வெளியில் சுண்ணாம்பு அடித்ததன் மிச்சம் என்றே இதுவரை எண்ணியிருந்தோம். மாடியில் குடிநீர்க் குழாய் கிடையாது என்பதால், எல்லாத் தொட்டிகளுக்கும் நல்ல தண்ணீரைக் கீழிருந்து சுமந்து செல்வது இயலாத காரியம். இந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டே சமாளிக்க வழி உண்டா?

முத்தியால்பேட்டை எழுதியது:

உண்டு. 1400 என்பது கைவிட வேண்டிய அளவன்று; இந்தப் புல் ஓரளவு உப்பைத் தாங்கும். மாதம் ஒருமுறை மட்டும், குழாய்த் தண்ணீரையோ சேமித்த மழைநீரையோ கொண்டு, தொட்டியின் கொள்ளளவைப் போல இருமடங்கு தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள். எல்லாத் தொட்டிகளையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. வாரத்துக்குச் சில என்று முறை வைத்துக்கொள்ளலாம். மற்ற நாட்களில் போர் தண்ணீரையே, முதலில் சொன்ன அன்பர் கூறியபடி, அடித்துளை வழியாகச் சற்று வெளியேறும் அளவுக்கு விடுங்கள். ஐப்பசி மழை இந்த வேலையை உங்களுக்காக இலவசமாகவே செய்துவிடும் என்பதால், மழைக்காலத்தில் தொட்டிகளைக் கூரைக்கு அடியில் ஒதுக்க வேண்டாம்; துளை திறந்திருந்தால் போதும். கருகிய நுனிகள் மீண்டும் பச்சை கட்டா. புதிதாக வரும் இலைகளை வைத்துத்தான் பலனைக் கணிக்க முடியும்.

தேவனாம்பட்டினம் மணல்தரை எழுதியது:

உப்பைப் பற்றிய விளக்கத்தை முழுமையாக ஏற்கிறேன். அதனுடன் மூடாக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆவியாதல் குறைந்தால் ஊற்றும் தண்ணீர் குறையும், ஊற்றும் தண்ணீர் குறைந்தால் சேரும் உப்பும் குறையும். எங்கள் பக்கம் சவுக்குத் தோப்புச் சருகை இரண்டு அங்குலக் கனத்துக்குப் பரப்புகிறோம். கரும்புச் சோகையும் ஆகும். எதுவானாலும் தூரை ஒட்டி நெருக்காமல் மூன்று விரல் இடைவெளி விட வேண்டும். மழை தொடங்குமுன் தொட்டிகளிலிருந்து அதை எடுத்துவிட வேண்டும்.

இன்னொன்று. தை பிற்பகுதியில் பனி குறைந்ததும் பழைய இலைகளைத் தரையிலிருந்து அரை அடி விட்டு வெட்டிவிடுங்கள். வெட்டியவுடன் இலைப்பரப்பு இல்லாததால் தண்ணீர்த் தேவை சட்டென்று விழுந்துவிடும். பழக்கத்தில் முன்போலவே ஊற்றினால் அப்போதும் தூர் அழுகும். துளிர் ஒரு சாண் உயரம் வரும் வரை மண் உலர்ந்ததைப் பார்த்தே விடுங்கள்.

பாகூர் களிமண் எழுதியது:

மாடியில் ஓரிரு தொட்டிகள் தொடர்ந்து தொல்லை கொடுத்தால் அவற்றில் வெட்டிவேரை வைத்துப் பார்க்கலாம். கடலூர் மாவட்டக் கடலோர மணலில் பயிராகவே விளைகிற புல் அது. உவர்ப்பையும் வறட்சியையும் பென்னிசெட்டத்தைவிட நன்றாகத் தாங்கும், மழையில் சில நாள் தண்ணீர் நின்றாலும் அழுகாது. ஊதா நிறம் கிடைக்காதுதான். தொட்டி மட்டும் ஆழமானதாக இருக்கட்டும். பன்னிரண்டு அங்குலம் அதன் வேருக்குப் போதாது.