முதல் தொகுப்பு வருமுன் கதைகளை முகநூலில் போடலாமா?

மருதநிலா: ஒரு தொகுப்புக்கு ஆகும் அளவு சிறுகதைகள் கைவசம் இருக்கின்றன. ஒன்றும் அச்சில் வரவில்லை. "வலைப்பூ தொடங்கு, முகநூலில் போடு, முதலில் பெயர் தெரியட்டும்" என்கிறார்கள் நண்பர்கள். எனக்குத் தயக்கம். அங்கே போட்ட கதையை இதழ்கள் எடுத்துக்கொள்ளுமா? யாராவது சுட்டுவிட்டால்? லைக் விழாமல் போனால் அடுத்த கதை எழுத மனம் வருமா?

குறுக்குத்துறை: போடாதீர்கள் தோழி. சிறுகதைப் போட்டி விதிகளைப் பாருங்கள். அச்சிலோ இணையத்திலோ வெளிவராத படைப்பைத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அமேசானின் சந்தா மின்னூல் திட்டமான கிண்டில் அன்லிமிடெட்டில் நூலைச் சேர்த்தாலும் 90 நாளுக்கு அந்த நூல் வேறெங்கும் மின்வடிவில் இருக்கக் கூடாது. மாதிரிக்கு 10 சதவீதம் காட்டலாம், அவ்வளவுதான். அப்புறம் திருட்டு. என் பக்கத்தில் போட்ட குறுங்கதை ஒன்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கே வந்தது. அடியில் இருந்த என் பெயரை வெட்டிவிட்டு 'படித்ததில் பிடித்தது' என்று போட்டிருந்தார்கள். அனுப்பியது என் சித்தி. வயிறு எரிந்தது.

செம்பருத்தி: அந்தக் கதை தேதியோடு உங்கள் பக்கத்தில் இருக்கிறதே, அதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி பதிவு செய்யாவிட்டாலும் எழுதியவருக்கே உரிமை. இறந்த பிறகும் 60 ஆண்டு தொடரும். இலவசமாகப் படித்தவர்கள் புத்தகம் வாங்க மாட்டார்கள் என்று சிலர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. ஜெயமோகனின் 'வெண்முரசு' 2014 முதல் 2020 வரை நாளுக்கு ஓர் அத்தியாயமாக இணையத்தில்தான் வந்தது. 26 நாவல்கள். அத்தனையும் திறந்தே கிடந்தும் புத்தகமாக வாங்கினார்கள். 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோதே பக்கங்களைக் கிழித்து பைண்டு செய்து வைத்தவர்கள் எத்தனை பேர்!

குறுக்குத்துறை: 'வெண்முரசு' தொடங்கியபோது அவர் பெயர் தெரியாத ஆளா? அவருடைய 'விஷ்ணுபுரம்' நாவல் 1997லேயே வந்துவிட்டது. கல்கிக்கோ பத்திரிகையே சொந்தம். அச்சில் ஒரு கதைகூட வராதவருக்கு இவர்களை உதாரணம் காட்டுவது நியாயமில்லை. சட்டம் சரிதான், ஒரு பக்கக் கதைக்கு யார் வக்கீல் வைப்பார்கள்?

பனங்காடு: திருட்டைவிட லைக்குக்குத்தான் நான் பயப்படுவேன். முகநூலில் நாலைந்து வரிக்கு மேல் மடங்கிவிடும். அதற்குள் ஒரு சாவோ சண்டையோ வைத்தால்தான் ஆள் உள்ளே வருகிறார். தொடர்ந்து அங்கேயே எழுதியதில் என் கதைகள் எல்லாமே அலறிக்கொண்டு தொடங்க ஆரம்பித்தன. ஒரு கிழவி திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதை ஒரு பக்கம் எழுத அங்கே இடமில்லை.

செம்பருத்தி: அது முகநூலின் குணம். வலைப்பூவில் மடிப்பும் இல்லை, அவசரமும் இல்லை. பத்துப் பேர் வந்தாலும் படிக்க வந்தவர்களாக இருப்பார்கள். அதில் ஒருவர் "நடுவில் தொய்கிறது" என்று எழுதினால், அலமாரியில் பூட்டி வைத்த கதைக்கு அது கிடைக்குமா? எழுத்து ஆள் கண்ணில் பட வேண்டும் நிலா.

மருதநிலா: பனங்காடு சொன்னது உறைக்கிறது. முகநூல் வேண்டாம். இரண்டு கதைகளை மட்டும் வலைப்பூவில் போடுகிறேன், மற்றவை இதழ்களுக்கு. ஆனால் அனுப்பிய கதைக்குப் பதிலே வருவதில்லையே, எவ்வளவு நாள் காத்திருப்பது?

குறுக்குத்துறை: மூன்று மாதம். பிறகு ஒரு மின்னஞ்சல் போட்டு, கதையைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லிவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். அந்த இரண்டு கதைகளும் உங்களிடம் இருப்பதில் நல்லவையாக இருக்க வேண்டாம்.

செம்பருத்தி: நல்லவையாகத்தான் இருக்க வேண்டும். முதலில் படிப்பவர் அதை வைத்துத்தானே உங்களை எடைபோடுவார்?