அரசுப் பதிவேட்டிலேயே எழுதலாமா, நம் செயலியைத் தொடரலாமா?

களத்தில்_ஒருவன்:

வணக்கம். பன்னாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றில் தாய்-சேய் ஊட்டச்சத்துத் திட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். நிறுவனத்தின் பெயரும் நாடும் இங்கே வேண்டாம். மூன்றாண்டுத் திட்டம், இரண்டு ஆண்டு ஓடிவிட்டது. போன வாரம் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் ஒரு கூட்டம். மூத்த அதிகாரி ஒருவர் எல்லோர் முன்னாலும், "உங்கள் செயலியை நிறுத்துங்கள், எங்கள் பதிவேட்டில் எழுதுங்கள், உங்களுக்கு வேண்டிய எண்களை அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. குழந்தைகளின் எடையையும் வயதையும் பதிய இரண்டு ஆண்டு பாடுபட்டு உருவாக்கிய செயலி. அரசுப் பதிவேட்டைவிட எங்கள் தரவு துல்லியமானது என்று எல்லா அறிக்கையிலும் எழுதியிருக்கிறோம்.

மறுநாள் ஒரு சுகாதார நிலையத்துக்குப் போனேன். எடை பார்க்கும் நாள், ஒரே ஒரு செவிலியர். குழந்தையைத் தராசிலிருந்து இறக்கியதும் அரசின் பெரிய பதிவேட்டில் எழுதினார். அப்புறம் எங்கள் கைக்கணினியில் தட்டினார். அதற்குப் பிறகு வேறொரு நிறுவனம் கொடுத்த அச்சுப் படிவத்தில் அதே எடையை மூன்றாவது முறை எழுதினார். வயதை மூன்றிலும் மூன்று விதமாகக் கேட்கிறார்கள். அரசுப் பதிவேட்டில் மாதக் கணக்கு, எங்கள் செயலியில் பிறந்த தேதி, அந்தப் படிவத்தில் "6 முதல் 23 மாதம்" என்ற கட்டத்தில் ஒரு டிக். வெளியே வரிசை வாசலைத் தாண்டி நின்றது. மதியத்துக்கு மேல் கைக்கணினியில் சார்ஜ் போய்விட்டது. "நாளைக்கு ஏற்றிவிடுகிறேன் சார்" என்று எடையை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

அதைப் பார்த்தபிறகு அந்த அதிகாரி சொன்னது தப்பில்லையோ என்று தோன்றுகிறது. ஆனால் எங்களுக்கு நிதி கொடுப்பவர்கள் காலாண்டுக்கு ஒருமுறை அவர்கள் படிவத்தில்தான் எண் கேட்கிறார்கள், அரசுப் பதிவேட்டின் தொகுப்போ இரண்டு மாதம் தாமதமாக வருகிறது, பாதிப் பக்கம் காலி. அரசோடு சேர்ந்து வேலை செய்வது என்றால் எதுவரை போகலாம்? இப்படிப் போனால் நாம் அவர்களுடைய இன்னொரு பிரிவாக ஆகிவிட மாட்டோமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், தத்துவம் வேண்டாம்.

பழைய_கோப்பு:

நான் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன், அமைச்சகம் ஒன்றின் திட்டப் பிரிவில். அதனால் கொஞ்சம் காரமாகவே எழுதுகிறேன், மன்னிக்கவும்.

உங்களைப் போன்ற நிறுவனங்கள் வரும் விதம் எனக்கு மனப்பாடம். புரிந்துணர்வு ஒப்பந்தம், கைகுலுக்கல், புகைப்படம். அதன் பிறகு ஆளைப் பார்க்க முடியாது. திட்டம் முடிய நான்கு மாதம் இருக்கும்போது ஒரு கடிதம் வரும்: "இத்திட்டத்தை அரசிடம் ஒப்படைக்க விரும்புகிறோம்." எதை ஒப்படைக்கிறீர்கள்? களப்பணியாளர்களின் சம்பளம், வண்டிகளின் எரிபொருள், சர்வர் வாடகை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அரசில் பட்ஜெட்டில் அதற்கென்று ஒரு கணக்குத் தலைப்பு இல்லாமல் ஒரு காசு செலவழிக்க முடியாது. புதிதாக ஒரு பணியிடம் உருவாக்க நிதித் துறையின் ஒப்புதல் வேண்டும், அந்தக் கோப்பு எத்தனை மேசையில் தூங்கி எழுந்து வரும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். அடுத்த நிதியாண்டுக்கான கோரிக்கைகள் இந்த ஆண்டு பாதியிலேயே போய்விடும். நீங்கள் கடிதம் அனுப்பும்போது கதவு ஏற்கெனவே மூடியிருக்கும். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்களே, அதுதான். "இது பிறகு எந்தத் தலைப்பில் போகும்?" என்று முதல் நாள் கேட்டிருந்தால் எங்களுக்கும் ஒரு வழி இருந்திருக்கும்.

அப்புறம் அந்தக் காலிப் பக்கங்கள். நீங்கள் பார்த்த செவிலியருக்குக் கை இரண்டுதான். மூன்று இடத்தில் எழுதச் சொன்னால் யார் அன்றாடம் வந்து கேட்கிறார்களோ அவர்களுடையதைத்தான் முதலில் நிரப்புவார். உங்கள் ஆள் வாராவாரம் வருகிறார், எங்கள் மேற்பார்வையாளருக்கு வண்டி இல்லை. அரசுப் பதிவேடு மோசம் என்று சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இது ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 2005இல் பாரிஸ் பிரகடனத்தில் உதவி கொடுக்கும் நாடுகளும் பெறும் நாடுகளும் சேர்ந்து கையெழுத்துப் போட்டன. அரசுக்கு இணையாகத் தனியே ஓடும் திட்ட அலுவலகங்களை 2010க்குள் மூன்றில் ஒரு பங்காகக் குறைப்பது என்று அதிலேயே ஓர் இலக்கு இருந்தது. 2011இல் கணக்கெடுத்தபோது, மொத்தம் 13 இலக்குகளில் உலக அளவில் எட்டப்பட்டது ஒன்றே ஒன்று, அதுவும் இது இல்லை. கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாம் கெட்டவர்கள் இல்லை, ஆனால் தன் பெயர் போட்ட பலகையைக் கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

எல்லைக்கோடு:

கோப்பு ஐயா சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு நான் வருகிறேன்.

எந்த அரசு, எந்த வேலை என்று பார்க்காமல் "அரசோடு சேர்" என்று சொல்ல முடியாது. 2009 மார்ச்சில் சூடான் அதிபர் பஷீருக்குப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை போட்டதும் அந்த அரசு 13 பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்களை நாட்டை விட்டு வெளியேற்றியது. அந்நாட்டின் டார்பூர் பகுதியில், இடம்பெயர்ந்தோர் முகாம்களில் தண்ணீரும் மருத்துவமும் அவர்கள் கையில் இருந்தன. அதே ஆண்டு எத்தியோப்பியா ஒரு சட்டம் கொண்டுவந்தது, வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் அமைப்புகள் மனித உரிமை வேலையைத் தொடவே கூடாது என்று. அந்தச் சட்டம் மாற பத்து ஆண்டு ஆனது, 2019இல்தான் மாறியது. இப்படிப்பட்ட இடத்தில் உங்கள் பதிவேடு யார் கையில் இருக்கிறது என்பது வெறும் நிர்வாகக் கேள்வி இல்லை. எந்தக் கிராமத்தில் எத்தனை பேர், யார் எங்கிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ஆபத்து உள்ளூர் அரசிடமிருந்து மட்டும் வருவதும் இல்லை. பணம் கொடுக்கும் அரசும் அரசுதான். செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1994இல் எழுதிய நடத்தை விதிகளில், எந்த அரசின் வெளியுறவுக் கொள்கைக்கும் கருவியாகாமல் இருக்க முயல்வோம் என்று ஒரு விதி இருக்கிறது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பணமும் அதன் உறுப்பு நாடுகளின் பணமும் இனி வேண்டாம் என்று சொன்னது. அகதிகளைத் தடுப்பதற்காகத் துருக்கியோடு போட்ட ஒப்பந்தம்தான் காரணம். அவர்களுக்குப் பெரும்பகுதி தனிமனிதர்களின் நன்கொடை, அதனால் சொல்ல முடிந்தது. நம்மில் பலரால் முடியாது என்பதும் உண்மை.

ஆனால் களத்தில்_ஒருவன், உங்களுடையது போர்க்களம் இல்லை, குழந்தையின் எடை. அதில் இத்தனை தயக்கம் தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன். எடையையும் வயதையும் கொடுங்கள், இனம், முகவரி, இடம்பெயர்ந்த விவரம் மாதிரி எதுவும் உங்களிடம் இருந்தால் அதை மட்டும் தனியே யோசியுங்கள்.

வெள்ளைச்சீருடை:

நான் செவிலியராக இருந்து தொண்டு நிறுவனத்துக்கு மாறியவள். யாரும் கேட்காததை நானே சொல்லிவிடுகிறேன். அரசு தந்ததைப் போல இரண்டரை மடங்கு சம்பளம் தந்தார்கள், போய்விட்டேன். என் இடம் நீண்ட நாள் காலியாகவே இருந்தது என்று பிறகு தெரிந்தது. பிரசவ அறையில் கை தேர்ந்தவள், போன இடத்தில் எக்செல் நிரப்பிக்கொண்டிருந்தேன். குடும்பத்துக்கு அது தேவையாக இருந்தது, வருத்தப்பட்டுக்கொண்டே வருத்தப்படவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2008இல் சுகாதாரத் துறைத் தொண்டு நிறுவனங்கள் சில சேர்ந்து ஒரு நடத்தை நெறி கொண்டுவந்தன, அரசுப் பணியில் இருப்பவர்களை இழுக்காமல் இருப்போம், அரசின் அமைப்புக்குள்ளேயே வேலை செய்வோம் என்று. நல்லதுதான், ஆனால் விரும்பினால் கடைப்பிடிக்கலாம் என்ற வகை. பயிற்சி வகுப்புப் படியும் இதே கதை. ஒரு நிறுவனம் ஒருநாள் பயிற்சிக்கு ஒரு தொகை கொடுத்தால் அடுத்தவர் அதைவிடக் கூட்டிக் கொடுக்கிறார், கடைசியில் செவிலியர் மாதத்தில் பாதி நாள் பயிற்சியில் இருக்கிறார், நிலையம் பூட்டிக் கிடக்கிறது. யாரைக் குறை சொல்ல? அடிப்படைச் சம்பளத்தில் காலம் தள்ள முடியாதவருக்கு அந்தப் படிதான் பள்ளிக் கட்டணம்.

ஹைட்டியைப் பாருங்கள். 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு உலகமே பணம் கொட்டியது, அவசர நிவாரண நிதியில் ஹைட்டி அரசின் கைக்குப் போனது 1 சதவீத அளவுதான். ஊழல் பயம் என்றார்கள். சரி, ஆனால் பணமும் ஆளும் எல்லாம் வெளியே போனால் அந்த அரசு என்றைக்குத்தான் கற்றுக்கொள்ளும்? அதே ஹைட்டியில் பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் அமைப்பு மிர்பலே ஊரில் 300 படுக்கை மருத்துவமனையைக் கட்டி 2013இல் திறந்தது. சொந்த மருத்துவமனையாக வைத்துக்கொள்ளவில்லை, அரசின் பொது மருத்துவமனையாக நடத்தி, உள்ளூர் மருத்துவர்களுக்கு அங்கேயே பயிற்சி கொடுத்தது.

களத்தில்_ஒருவன்:

எல்லோருக்கும் நன்றி. வெள்ளைச்சீருடை அக்கா, நீங்கள் எழுதியதை எங்கள் ஆள்சேர்ப்புப் பிரிவுக்கு அனுப்ப ஆசை, அனுப்பினால் என்னைத்தான் முதலில் தூக்குவார்கள்.

எனக்கு இப்போது சிக்கல் நிதி கொடுப்பவர்தான். "அரசுத் தரவை நம்ப முடியாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவர்களிடம் என்ன சொல்வது?

எண்கணக்கு:

சொல்லாதீர்கள், காட்டுங்கள். பத்து நிலையங்களை எடுங்கள், ஒரு மாதத்துப் பதிவேட்டையும் உங்கள் கைக்கணினித் தரவையும் குழந்தை குழந்தையாக ஒப்பிடுங்கள். இரண்டு பேர் இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம். எந்தப் பக்கம் தப்பு என்று முன்கூட்டியே முடிவு கட்டாதீர்கள். நான் ஒருமுறை இப்படிச் செய்தபோது எங்கள் செயலியில்தான் ஒரே குழந்தை இரண்டு முறை ஏறியிருந்தது, பெயரின் எழுத்து மாறியதால்.

அப்புறம், உங்கள் நாட்டு அமைச்சகம் டிஎச்ஐஎஸ்2 பயன்படுத்துகிறதா என்று பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் 1990களில் தொடங்கி, ஆஸ்லோ பல்கலைக்கழகம் வளர்த்தெடுத்த, சுகாதாரத் தரவைத் தொகுக்கும் இலவச மென்பொருள், இன்று எத்தனையோ நாடுகளின் சுகாதார அமைச்சகங்கள் அதில்தான் ஓடுகின்றன. இருந்தால் உங்கள் வேலை எளிது. செயலியில் செலவழித்த பணத்தை மாவட்டத் தரவுப் பதிவாளருக்கும் இணைய இணைப்புக்கும் பதிவேடு அச்சடிக்கவும் திருப்புங்கள். இரண்டு மாதத் தாமதம் பெரும்பாலும் தாள் கட்டு ஒன்று வண்டிக்காகக் காத்திருக்கும் தாமதம். நிதி கொடுப்பவர் கேட்கும் காலாண்டு எண்களில் உண்மையிலேயே எத்தனை அந்தப் பதிவேட்டில் இல்லை என்று எண்ணிப் பாருங்கள், மூன்றோ நான்கோதான் இருக்கும். அதற்கு ஆண்டுக்கு ஒரு மாதிரிக் கணக்கெடுப்பு போதும்.

பழைய_கோப்பு:

எல்லைக்கோடு எழுதியதற்கு ஒரு வார்த்தை. நான் அரசுக்கு வக்காலத்து வாங்கவில்லை. அரசால் முடியாததைத் தொண்டு நிறுவனம் செய்யும் இடமும் உண்டு. குடிநீர் வழியாகப் பரவும் கினிப்புழு நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1986இல் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்தது, 2024இல் உலகம் முழுக்க 15 பேர். அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் தொடங்கிய கார்ட்டர் மையம் முன்னால் நின்றது, ஆனால் ஊர் ஊராக நோயாளியைத் தேடிப் பதிந்தது அந்தந்த நாட்டு அமைச்சகத் திட்டமும் கிராமத் தொண்டர்களும். 1995இல் சூடான் உள்நாட்டுப் போரில் கிட்டத்தட்ட ஆறு மாதச் சண்டை நிறுத்தத்தை ஜிம்மி கார்ட்டர் பேசி வாங்கிக் கொடுத்தார், அந்த இடைவெளியில் துணி வடிகட்டிகளோடு ஊருக்குள் போனார்கள். எந்த அமைச்சகமும் தானாக அதைச் செய்திருக்க முடியாது. இப்படி யாரால் எது முடியும் என்று பிரித்துக்கொள்வதைத்தான் கேட்கிறேன்.

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது எதெல்லாம் மறுநாளே நின்றது என்று பார்த்தீர்கள்தானே. ஜூலையில் அந்த உதவியைக் கொடுத்துவந்த யூஎஸ்எய்டு நிறுவனமே இல்லை. தனிச் சம்பளப் பட்டியல், தனி மருந்துக் கிடங்கு வைத்திருந்தவர்களின் நிலையங்களில் கதவைச் சாத்த வேண்டியதாயிற்று. அரசின் சம்பளப் பட்டியலில் ஆள் இருந்த இடத்தில் மருந்து குறைந்தாலும் கதவு திறந்திருந்தது.

வெள்ளைச்சீருடை:

எல்லாம் சரி தம்பி, அந்தச் செவிலியரிடம் மூன்றில் எதை வைக்கலாம் என்று கேட்டீர்களா?

களத்தில்_ஒருவன்:

இன்று போய்க் கேட்டேன். எதை வேண்டுமானாலும் வையுங்கள், பிறந்த தேதி கேட்பதை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார். தாய்மார்கள் பலருக்குத் தேதி தெரியாதாம், விதைப்பு முடிந்து இரண்டு மாதம், பெரிய வெள்ளத்துக்கு முந்தின வாரம் என்றுதான் சொல்வார்களாம். செயலியோ தேதி போடாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. அதனால் எல்லாக் குழந்தைக்கும் மாதத்தின் 15ஆம் தேதியைப் போட்டுவிடுகிறாராம். அலுவலகம் வந்து தரவைத் திறந்து பார்த்தேன். அந்த நிலையத்தில் எல்லோரும் 15ஆம் தேதிதான் பிறந்திருக்கிறார்கள். திங்கட்கிழமை மாவட்ட அலுவலகத்துக்கு அந்தத் தரவை அச்சடித்து எடுத்துக்கொண்டு போகிறேன்.